அளவுகோலும் அறமும்
மலைநாட்டு நில அளவை, நில மதிப்பீடு ஆகியன பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

நிலத்தை அளத்தல் வெறும் கணிதத் தொழில் அன்று. ஒரு துண்டு நிலத்தின் எல்லை எது, பரப்பு எவ்வளவு, விலை என்ன என்று ஒருவர் தாளிலே எழுதிக் கையொப்பமிடும்போது, அந்நிலத்திலே யார் இருக்கலாம், யார் இருக்கலாகாது என்பதும் உடன் தீர்மானமாகிவிடுகின்றது. இதனாலேயே அளப்போரின் நடுவுநிலைமை பண்டுதொட்டு அரசியலோடு தொடர்புற்ற ஒரு விடயமாக இருந்து வந்துள்ளது. வள்ளுவர் நடுவுநிலைமைக்கென்று தனியோர் அதிகாரம் வகுத்து, துலாக்கோலை அதற்கு உவமையாக்கினார். முதலாம் இராசராசன் கி.பி. 1001 அளவில் சோழநாட்டை அளப்பித்தபோது பயன்பட்ட கோல் 'உலகளந்த கோல்' எனப் பெயர் பெற்றது. கோல் கோணினால் குடி கோணும் என்பதை முன்னோர் உணர்ந்திருந்தனர்.

இன்று நில அளவையாளரும் மதிப்பீட்டாளரும் உரிமம் பெற்றுத் தொழில் புரிபவர்கள். அவர்களுக்கென ஒழுக்க விதிகளும் உண்டு. ஆயின் அவ்விதிகள் வானிலிருந்து இறங்கி வந்தவை அல்ல. விதிகள் இல்லாத காலத்தில் நிகழ்ந்தவற்றின் படிப்பினையே அவை. அப்படிப்பினையை இலங்கையின் மத்திய மலைநாட்டைப்போலத் தெளிவாகக் காட்டும் களம் பிறிதொன்று இருத்தல் அரிது. பூண்டுலோயாவையும் அதனைச் சூழ்ந்த நுவரெலியா மாவட்டத்தையும் களமாகக் கொண்டு, அளவைத் தொழிலின் அறம் எவ்வாறு மீறப்பட்டது, எவ்வாறு வகுக்கப்பட்டது, இன்று எவ்விடத்தில் அது சோதனைக்குள்ளாகின்றது என்பவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

இருவேறு அளவுகள்

பூண்டுலோயா கொத்மலைப் பிரதேசத்தைச் சேர்ந்தது. அங்குள்ள ஆற்றின் பெயரே ஊருக்கும் ஆயிற்று. ஊரைச் சூழ்ந்த தோட்டங்களோ டன்சினன், சீன் என்றாற்போன்ற பிறநாட்டுப் பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. டன்சினன் என்பது சேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்தில் வரும் ஸ்கொத்லாந்துக் குன்றின் பெயர். நிலத்துக்குப் புதுப்பெயர் வருமுன்னரே புதிய அளவு வந்துவிட்டது.

கண்டி இராச்சியக் காலத்தில் வயல்நிலம் விதைப்பாட்டினால் அளக்கப்பட்டது. இத்தனை அமுணம் நெல் விதைக்கக்கூடிய நிலம் என்பதே பரப்பைக் குறிக்கும் முறை. ஆறு, மலைமுகடு, மரம், கல் முதலியன எல்லைகள். வயலுக்கு மேலே இருந்த சேனை நிலமும் காடும் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் பருவப் பயிருக்கும் பயன்பட்டனவாயினும், அவற்றுக்கு எழுத்திலான உறுதி இருந்தது அரிது. ஊரார் அறிவே அவற்றின் ஆவணம்.

ஆங்கிலேயர் கொண்டுவந்த அளவு வேறு. 66 அடி நீளமான சங்கிலி. 10 சதுரச் சங்கிலி கொண்டது ஓர் ஏக்கர். ஏக்கருக்கு 4 றூட் அல்லது 160 பேர்ச். தேசாதிபதி பிரெடரிக் நோர்த் காலத்தில், 1800 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 2 ஆம் நாள், நில அளவைத் திணைக்களம் நிறுவப்பெற்றது. சங்கிலி அளவு துல்லியமானது என்பதில் ஐயமில்லை. எனினும் அது கிடைத்தளப் பரப்பையே கணக்கிடுவது. 30 பாகைச் சரிவில் வரைபடம் 100 ஏக்கர் என்று காட்டும் நிலத்தின் மேற்பரப்பு உண்மையில் ஏறத்தாழ 115 ஏக்கர் ஆகும். அந்தப் 15 ஏக்கரும் வரைபடத்தில் இல்லை. கூடையோடு ஏறி இறங்கும் தொழிலாளியின் காலில் இருக்கின்றது. துல்லியமான அளவும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை என்பதற்கு இது ஓர் எளிய சான்று.

அளந்தவரும் வாங்கியவரும்

1833 முதல் முடிக்குரிய காணிகள் இலவச நன்கொடையாக அன்றி, பகிரங்க ஏலத்தில் விற்கப்படலாயின. அடிப்படை விலை ஏக்கருக்கு 5 சிலிங். கோப்பிச் செய்கை ஆதாயம் தரும் என்பது தெளிவானதும் மலைக்காட்டுக்குக் கேள்வி பெருகிற்று. விற்பதற்கு முதலில் நிலம் அரசுக்குரியது என்று நிலைநாட்டப்படல் வேண்டும். அத்தேவையை நிறைவேற்றியது 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். காடு, தரிசு, குடியிருப்பற்ற நிலம், பயிரிடப்படாத நிலம் ஆகிய யாவும் மாறாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியன என அது ஊகித்தது. கண்டிப் பகுதிகளின் சேனை நிலத்துக்கு உரிமை கோருவோர் சன்னஸ் முதலிய அரச ஆவணத்தையோ, வழமையான வரி செலுத்தியமைக்கான சான்றையோ காட்டல் வேண்டும். நிரூபிக்கும் சுமை, ஆவணம் என்பதையே அறியாத குடியானவன்மீது விழுந்தது.

இச்சட்டம் நிறைவேறிய அதே ஆண்டில், இன்று நுவரெலியா மாவட்டத்தில் அடங்கும் அம்பகமுவப் பகுதியில் நிகழ்ந்த காணி விற்பனை நமது விடயத்துக்கு மிக இன்றியமையாதது. அங்கு காணி வாங்கியோரின் பட்டியல், அன்றைய அரசாங்க உத்தியோகத்தர் பட்டியலைப் போலவே காணப்படுகின்றது. தேசாதிபதி ஸ்டுவார்ட் மக்கென்சி 1,120 ஏக்கர் வாங்கினார். மகாவமிசத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1837 இல் வெளியிட்ட அறிஞரும் உயர் அதிகாரியுமான ஜோர்ஜ் டேர்னர் 2,217 ஏக்கர் வாங்கினார். மாவட்ட நீதிபதியும் படை அதிகாரிகளும் பட்டியலில் இடம்பெற்றனர். எல்லாவற்றிலும் கருத்தூன்றி நோக்கவேண்டிய பெயர் எவ். பி. நொரிஸ் என்பது. அவர் நில அளவைத் திணைக்களத்தின் தலைவராகிய நில அளவையாளர் நாயகம். பிறருடன் கூட்டாக அவர் 762 ஏக்கர் வாங்கினார்.

இதன் பொருளை ஆராய்தல் வேண்டும். காணி வாங்க விரும்புவோர் விண்ணப்பித்தபின் அந்நிலத்தை அளந்து வரைபடம் வரைய வேண்டியது நில அளவைத் திணைக்களம். எந்த மலையில் நீர் உண்டு, எந்தச் சரிவில் ஆழமான மண் உண்டு, எவ்வழியாகப் பாதை வரும் என்பன அத்திணைக்களம் பிறருக்கு முன்னரே அறியக்கூடியவை. எவ்விண்ணப்பத்தை முதலில் அளப்பது, எதனைத் தாமதிப்பது என்பதும் அதன் கையில் இருந்தது. அத்தகைய பதவியில் இருப்பவர் தாமே கொள்வனவாளராகவும் நிற்கும்போது, அவர் அளவில் ஓர் அங்குலமேனும் பிசகவில்லை என்று வைத்துக்கொண்டாலும், அந்த அளவைப் பிறர் நம்புவதற்கு இடமில்லாமற் போகின்றது. தொழிலறம் என்பது அளவு சரியாக இருத்தலோடு முடிவதன்று. அளப்பவருக்கு அதனால் ஆதாயம் இல்லாதிருத்தலும் அதன் பகுதியாகும்.

இந்நிலைக்குத் தனிமனிதரின் பேராசை மட்டும் காரணம் எனல் பொருந்தாது. கோல்புறூக் சீர்திருத்தங்களையொட்டிக் குடிசார் சேவையாளரின் சம்பளம் குறைக்கப்பட்டது, ஓய்வூதியம் நீக்கப்பட்டது, பயிர்ச்செய்கையில் ஈடுபடுதல் அவர்களுக்குத் தடைசெய்யப்படவில்லை. குறைந்த வருமானமும் திறந்த வாய்ப்பும் ஓரிடத்திற் கூடியபோது விளைந்ததே இது. 1840 களின் நடுப்பகுதியில், குடியேற்றநாட்டு அமைச்சராயிருந்த ஸ்டான்லி பிரபுவின் காலத்தில், உத்தியோகத்தர் தோட்டத்தொழிலிலும் வாணிகத்திலும் ஈடுபடலாகாது என விதிக்கப்பட்டது. அதனோடு சம்பளம் உயர்த்தப்பட்டு ஓய்வூதியமும் மீள வழங்கப்பட்டது. கட்டுப்பாடும் வாழ்வாதாரமும் ஒருங்கே அளிக்கப்பட்டாலன்றி நடுவுநிலைமை நிலைக்காது என்பதை ஆட்சியாளர் காலந்தாழ்த்தியேனும் ஒப்புக்கொண்டமையை இது காட்டுகின்றது. ஆயின் விற்கப்பட்ட மலைகள் மீளவில்லை.

மதிப்பீடு கொன்ற வயல்கள்

அளவையின் பிழை மெல்லத் தெரியவரும். மதிப்பீட்டின் பிழையோ உடனே வயிற்றில் தெரியும். 1878 ஆம் ஆண்டின் தானிய வரிச் சட்டம் வயலின் விளைச்சலில் ஒரு பங்காக இருந்த வரியை, ஆண்டுதோறும் செலுத்தவேண்டிய நிலையான பணத்தொகையாக மாற்றிற்று. ஒவ்வொரு வயலின் சராசரி விளைச்சலையும் அதிகாரிகள் மதிப்பிட்டுத் தொகையைக் குறித்தனர். மழை பொய்த்தாலும் வயல் தரிசாகக் கிடந்தாலும் தொகை மாறாது. கட்டத் தவறினால் வயல் ஏலத்துக்கு வரும்.

நுவரெலியா மாவட்டத்தின் வலப்பனை, உடஹேவாஹெட்டைப் பகுதிகளில் இதன் விளைவு கொடிதாயிற்று. கோப்பி வீழ்ச்சியால் குடியானவர்களின் கையில் பணம் அற்றுப்போயிருந்த வேளையில், வயல்கள் சிறுதொகை வரிப்பாக்கிக்காக விற்கப்பட்டன. நிலமிழந்தோர் பசியாலும் நோயாலும் மாண்டனர். மாவட்டத்தின் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெ மெசூரியர் இதனை எழுத்திலே வெளிப்படுத்தினார். தாம் சேவை செய்யும் அரசின் மதிப்பீடு மக்களை அழிக்கின்றது என்று ஓர் அதிகாரியே எழுதியமை சிறிய செயலன்று. நெடிய கிளர்ச்சியின்பின் 1892 ஆம் ஆண்டின் முடிவோடு அவ்வரி ஒழிந்தது.

அதே லெ மெசூரியர் பின்னாளில் அரச சேவையிலிருந்து நீங்கி, கிராமத்தவரிடமிருந்து உரிமை ஐயத்துக்கிடமான காணிகளைப் பெருமளவில் வாங்கி, முடியோடு வழக்காடினார். அத்தகைய கோரிக்கைகளைத் தடுக்கும் நோக்கத்தையும் கொண்டே 1897 ஆம் ஆண்டின் தரிசு நிலக் கட்டளைச் சட்டம் எழுந்தது. அதன் சுமையையும் கிராமத்தவரே தாங்கினர். ஒருவரது நற்பண்பை மட்டும் நம்பி மக்களின் நிலத்தை ஒப்படைத்தல் ஆகாது, விதியும் மேற்பார்வையும் வேண்டும் என்பதற்கு அவரது வாழ்க்கையே எடுத்துக்காட்டு.

தோட்ட முதலாளிகளையும் பிழையான மதிப்பீடு விட்டுவைக்கவில்லை. 1869 இல் கோப்பி இலைநோய் தோன்றிய பின்னரும், உலகச் சந்தையில் கோப்பி விலை உயர்ந்திருந்தமையால் 1870 களில் காணி விலை ஏறிக்கொண்டே சென்றது. மரத்தைப் பாராது சந்தையைப் பார்த்து மதிப்பிட்டனர். கடன் கொடுத்த ஒறியன்ரல் வங்கி 1884 இல் கதவடைத்தது. தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. தவறான மதிப்பீட்டின் இழப்பை ஐரோப்பியத் துரைமார் பணத்தால் தீர்த்தனர். கூலி நிலுவையோடு கைவிடப்பட்ட தொழிலாளர் உடலால் தீர்த்தனர்.

தொழில் விதிகளின் தோற்றம்

இத்தகைய பட்டறிவின் பின்னணியிலேயே தொழிற் கட்டுப்பாடு படிப்படியாக உருவாகியது. 1889 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க நில அளவையாளர் கட்டளைச் சட்டம் உரிமம் பெற்றவரே தொழில் செய்யும் முறையை வகுத்தது. 1926 இல் நில அளவையாளர் தம் தொழிற்கழகத்தை அமைத்தனர். 1937 இல் அரசாங்க மதிப்பீட்டுத் திணைக்களம் தோன்றியது. 1950 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம், பொதுத் தேவைக்காக எடுக்கப்படும் காணிக்குச் சந்தைப் பெறுமதியை நட்டஈடாக வழங்கவேண்டும் என்றும், மதிப்பீட்டை ஏற்காதவர் மீளாய்வுச் சபைக்கு முறையிடலாம் என்றும் விதித்தது. 1975 இல் மதிப்பீட்டாளர் நிறுவகம் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்டது. 2002 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நில அளவைச் சட்டத்தின்கீழ் அமைந்த பேரவை, நில அளவையாளரைப் பதிந்து ஆண்டுதோறும் உரிமம் வழங்குகின்றது.

இவ்வளர்ச்சியை ஒருசேர நோக்குமிடத்து, தொழிலறத்தின் இரு தூண்கள் உறுதியாக நடப்பட்டமை புலனாகும். அளப்பவர் தகுதியுடையவராக இருத்தல் ஒன்று. அளக்கும் நிலத்தில் அவருக்குத் தன்னலம் இல்லாதிருத்தல் மற்றொன்று. நொரிஸ் காலத்துக் கேடு இன்று நிகழுமாயின் அது தண்டனைக்குரிய ஒழுக்கக்கேடாகக் கருதப்படும். இது பெருமுன்னேற்றமே. ஆயினும் மூன்றாவது தூண் ஒன்று குறைபட்டே நிற்கின்றது. அளவையும் மதிப்பீடும் எவரைக் காண்கின்றன, எவரைக் காணாமல் விடுகின்றன என்ற கேள்வியே அது.

வரைபடத்தில் இல்லாதோர்

1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் காணிக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. 1975 ஆம் ஆண்டின் திருத்தம் கம்பனித் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் மதிப்பீடு நிகழ்ந்தது. நிலம், தேயிலைச் செடி, தொழிற்சாலை, பங்களா, லயம் ஆகிய யாவும் பெறுமதி பெற்றன. லயத்தில் வாழ்ந்தோருக்கு மட்டும் அந்நிலத்தில் உரித்து எதுவும் எழுதப்படவில்லை. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்ட மக்கள், நில மதிப்பீட்டிலும் உரித்தற்ற குடியிருப்பாளராகவே நின்றனர்.

நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துப் பகிர்ந்தளிக்க முயன்றபோது தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர். 1977 மே 11 இல் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானார். வரைபடத்திலே அது துண்டாடத்தக்க அரச காணி. அங்கு வாழ்ந்தோருக்கோ வேலையும் வீடும் பெற்றோரின் புதைகுழியும் ஆகும். சட்டப்படி உரித்தில்லாதவரை மதிப்பீட்டாளர் உரித்தாளராக்க முடியாதுதான். எனினும் நிலத்தில் யார் எத்தனை காலமாக வாழ்கின்றனர், எதனைப் பயிரிடுகின்றனர், எவ்வழியாக நீர் பெறுகின்றனர் என்பவற்றை அறிக்கையிலே பதிந்து வைக்க எந்தச் சட்டமும் தடையன்று. காண்பதை எழுதாது விடுதலும் ஒருவகைப் பொய்யே.

அண்மைக் காலத்தில் இந்நிலை ஓரளவு மாறத் தொடங்கியது. இந்திய வீடமைப்புத் திட்டத்தின்கீழ்ப் பூண்டுலோயா டன்சினன் தோட்டத்தில் கட்டப்பட்ட 404 வீடுகள் 2018 ஓகஸ்ட் 12 இல் கையளிக்கப்பட்டன. அத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கப்படும் நிலம் 7 பேர்ச். அதாவது ஏறத்தாழ 1,906 சதுர அடி. பாதைகளை நீக்கிக் கணக்கிட்டால் 404 குடும்பங்களின் நிலமும் 18 ஏக்கருக்குள் அடங்கிவிடும். 1840 இல் தேசாதிபதி மக்கென்சி வாங்கிய 1,120 ஏக்கரை 7 பேர்ச்சாகப் பிரித்தால் 25,600 துண்டுகள் கிடைக்கும். அன்றைய அடிப்படை விலைப்படி அந்த 1,120 ஏக்கரின் பெறுமதி 280 பவுண் மட்டுமே. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அம்மலைகளைப் பெறுமதியுடையனவாக்கியோரின் வழித்தோன்றல்கள் ஒரு துண்டுக்குக் காத்திருந்த வரலாறு இவ்வெண்களிலேயே அடங்கியுள்ளது. ஆகவே இத்தகைய சிறு துண்டை அளப்பவர், பெருந்தோட்டத்தை அளப்பவரிலும் கூடிய கவனத்தோடு அளத்தல் வேண்டும். 1,120 ஏக்கரில் ஒரு பேர்ச் பிசகினால் எவரும் அறியார். 7 பேர்ச்சில் ஒரு பேர்ச் பிசகினால் ஒரு குடும்பத்தின் அடுப்படி போய்விடும்.

சரிவும் சான்றிதழும்

மலைநாட்டில் இன்று நிலம் பற்றிய மிகப் பெரிய கேள்வி, அது நிலைத்து நிற்குமா என்பதே. காடழித்த செங்குத்துச் சரிவுகளில், ஆழமாகச் சிதைவுற்ற பாறையின்மேல் தங்கியுள்ள மண், பெருமழையில் நீரை உறிஞ்சிப் பாரமேறிச் சரிகின்றது. 1984 இல் அமைக்கப்பட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990 இல் மண்சரிவு அபாய வரைபடம் வரையும் பணியைத் தொடங்கியபோது, முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்கள் பதுளையும் நுவரெலியாவுமாகும். சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டடம் எழுப்புமுன் அந்நிறுவனத்தின் மதிப்பீட்டறிக்கை பெறவேண்டும் என்ற விதியும் பின்னர் வந்தது. இதனால் நிலத்தை மதிப்பிடுவோர் கூட்டத்தில் புவிச்சரிதவியலாளரும் பொறியியலாளரும் சேர்ந்துகொண்டனர். தொழிலறத்தின் பரப்பும் விரிந்தது.

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மண்ணுக்குள் புதையுண்டன. அவ்விடம் அபாயமானது, மக்களை அகற்றவேண்டும் என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. மதிப்பிட்டோர் தம் கடமையைச் செய்திருந்தனர். அறிக்கை சரியானதே, அது சென்றடைந்த இடத்திலே செயல் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு பெய்த பெருமழையில் மலைநாட்டு மாவட்டங்கள் மீண்டும் பெரும் மண்சரிவுகளைக் கண்டன. மதிப்பீட்டாளரின் பொறுப்பு அறிக்கையில் ஒப்பமிட்டதோடு முடிந்துவிடுகின்றதா என்ற வினா இங்கே எழுகின்றது.

இவ்வினாவுக்கு எளிய விடை இல்லை. நிபுணர் ஆணையிடும் அதிகாரம் உடையவர் அல்லர். அவர் ஊர்வலம் நடத்தவேண்டும் என்று எதிர்பார்த்தலும் முறையன்று. எனினும் சில கடமைகள் தெளிவானவை. அறிக்கையின் சாரம் அந்நிலத்தில் வாழ்வோருக்கு அவர்களது மொழியில் சென்றடைதல் வேண்டும். தோட்ட நிருவாகத்தின் அலுவலகப் பெட்டிக்குள் உறங்கும் ஆங்கில அறிக்கை, லயத்துக்கு விடுக்கப்பட்ட எச்சரிக்கை ஆகாது. இடம்பெயர்க்கும் செலவை அஞ்சி அபாயத்தின் தரத்தைக் குறைத்து எழுதும்படி வரும் வேண்டுகோளுக்கு இணங்கலாகாது. ஓரிடத்தை அபாயமானது என்று கூறுபவர், மாற்றிடமாகக் காட்டப்படுவதையும் அதே கண்டிப்போடு ஆராய்தல் வேண்டும். கட்டணம் செலுத்துபவர் ஒருவர், விளைவைச் சுமப்பவர் வேறொருவர் என்பதே நில மதிப்பீட்டுத் தொழிலின் நிலையான இக்கட்டு. அம்பகமுவையிலும் வலப்பனையிலும் மீரியபெத்தையிலும் வேறுவேறு வடிவில் வெளிப்பட்டது அவ்விக்கட்டே.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், மலைநாட்டு வரலாறு அளவைத் தொழிலுக்கு மூன்று நெறிகளைத் தருகின்றது. அளக்கும் நிலத்தில் தன்னலம் கொள்ளாமை முதலாவது. இதனைச் சட்டம் ஓரளவு நிலைநாட்டிவிட்டது. விளைச்சல், சரிவு, சந்தை ஆகியவற்றை உள்ளவாறே கூறல் இரண்டாவது. இதற்குக் கல்வியும் துணிவும் வேண்டும். உறுதி இல்லாதோராயினும் நிலத்தில் வாழ்வோரைக் காணுதல் மூன்றாவது. இதனை எந்த உரிமமும் கற்பிப்பதில்லை. முதலிரண்டும் கைவரப் பெற்றவர் சிறந்த தொழில்வல்லுநர் ஆகலாம். மூன்றாவதும் வாய்க்கப்பெற்றவரிடமே பூண்டுலோயாவின் மலைச்சரிவுகளை நம்பி ஒப்படைக்க முடியும்.